கூட்டாளி எப்ப எதிரி ஆனான்? இத்தாலி, 1943 செப்டம்பர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ரெண்டாம் உலகப்போர்னாலே அச்சு நாடுகள் ஒரு பக்கம், நேச நாடுகள் ஒரு பக்கம்னு கோடு போட்டு படிச்சுட்டுப் போயிடுவோம். அந்தக் கோட்டை போர் நடுவுல தாண்டின நாடு இத்தாலி. 1943 செப்டம்பர் 8 சாயங்காலம் வரைக்கும் ஜெர்மனிக்கு கூட்டாளி, அன்னிக்கு ராத்திரில இருந்து துரோகி, அக்டோபர் 13ல ஜெர்மனி மேலயே போர் அறிவிச்ச நாடு, ஆனா அமெரிக்காவும் பிரிட்டனும் அப்பவும் அதை நேச நாடுன்னு ஒத்துக்கலை, "கூடச் சேர்ந்து போரிடுற நாடு"ன்னு புதுசா ஒரு அந்தஸ்து கொடுத்து வாசல்லயே நிக்க வச்சாங்க.

பொதுவா இந்தக் கதையை "இத்தாலிக்காரன் காலை வாரிட்டான்"னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. எனக்கு அது பத்தலை. முசோலினி விழுந்த ஜூலை 25ல இருந்து போர்நிறுத்தம் வெளிய தெரிஞ்ச செப்டம்பர் 8 வரைக்கும் 45 நாள். அந்த 45 நாள்ல எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டாங்க, யார் பட்ட சந்தேகமும் வீண் சந்தேகம் கிடையாது. ஆனா ஜெர்மனி தன் சந்தேகத்தை திட்டமா எழுதி, கோட் பேரு வச்சு, டிவிஷன் ஒதுக்கி ரெடியா வச்சிருந்துச்சு. இத்தாலி தன் சந்தேகத்தை வெறும் பயமா நெஞ்சுக்குள்ளயே பூட்டி வச்சிருந்துச்சு, சொந்த ராணுவத்துக்கிட்ட கூட வாய் திறக்கலை. அப்புறம் நடந்த அத்தனைக்கும் வேர் அங்கதான் இருக்குங்கிறது என் கணிப்பு.

முதல்ல இருந்தே நம்பிக்கை கிடையாது

1939 மே 22ல ரெண்டு நாடும் எஃகு ஒப்பந்தம் போட்டாங்க, ஒருத்தன் போருக்குப் போனா இன்னொருத்தன் கூட வரணும்னு. மூணு மாசம் தாண்டி ஹிட்லர் போலந்துக்குள்ள நுழைஞ்சப்போ இத்தாலி "நாங்க தயாரா இல்ல"ன்னு ஒதுங்கிக்கிச்சு. அப்புறம் 1940 ஜூன் 10ல, பிரான்ஸ் விழப்போறது கண்ணுக்குத் தெரிஞ்ச நேரத்துல, பங்கு கிடைக்கும்னு உள்ள குதிச்சாரு முசோலினி.

சேர்ந்த பிறகாவது பேசிக்கிட்டாங்களான்னா அதுவும் இல்ல. 1940 அக்டோபர்ல ஹிட்லர் ருமேனியாவுக்கு படை அனுப்பினது முசோலினிக்கு முன்கூட்டி சொல்லப்படலை, அவருக்கு கோபம் தலைக்கேறுச்சு, அதே மாசம் 28ஆம் தேதி ஹிட்லர்கிட்ட சொல்லாமலே கிரீஸ் மேல பாய்ஞ்சாரு, அங்க அடி வாங்கி கடைசில ஜெர்மன் படை வந்துதான் காப்பாத்த வேண்டியதாச்சு. 1941 ஜூன்ல ரஷ்யா மேல படையெடுக்கப் போற விஷயமும் அந்த ராத்திரிதான் முசோலினிக்குப் போய்ச் சேர்ந்துச்சு. கூட்டாளிக்கு கடைசி நிமிஷத்துல தகவல் சொல்றதுதான் இந்தக் கூட்டணியோட பழக்கம்னே சொல்லலாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஆல்ப்ஸ் மலைல இத்தாலி எல்லை முழுக்க கான்கிரீட் பங்கர் கட்டிக்கிட்டு இருந்தாங்க. பிரான்ஸ் பக்கம் கட்டினா புரியுது. ஆனா ஜெர்மனி பக்க எல்லைலயும் கட்டினாங்க, எஃகு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட பிறகும் நிறுத்தலை, 1942 வரைக்கும் வேலை ஓடிச்சு. அந்த ஊர் ஜனங்களே அதுக்கு "எனக்கு நம்பிக்கை இல்ல லைன்"னு பேரு வச்சுட்டாங்க. ஜெர்மன்காரங்க கண்ணுக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்?

1942-43 குளிர்காலத்துல டான் ஆத்தங்கரைல இத்தாலியோட 8ஆவது படை சிதறிப்போச்சு, ரெண்டு லட்சத்துக்கும் மேல ஆள் இருந்த படை அது. பின்வாங்கும்போது ஜெர்மன்காரங்க லாரில கூட ஏத்திக்கலைன்னு தப்பிச்சு வந்தவங்க சொன்ன கதை ஊர் ஊரா பரவிச்சு. 1943 மே 13ல துனிசியாவும் போச்சு, வட ஆப்பிரிக்காவே கை விட்டுப் போச்சு. ஜூலை 10ல நேச நாட்டுப் படை சிசிலில இறங்குது. ஜூலை 19ல ஃபெல்ட்ரேல ஹிட்லரும் முசோலினியும் சந்திச்சு ஹிட்லர் பேசிக்கிட்டே இருக்காரு, அந்தப் பேச்சு நடுவுலயே ரோம் மேல குண்டு விழுதுன்னு தகவல் வருது. கூட வந்த தளபதி அம்ப்ரோசியோ போரை விட்டு வெளிய வர்றதைப் பத்தி ஹிட்லர்கிட்ட பேசுங்கன்னு முசோலினியை நெருக்கினாரு, அவரால வாயே திறக்க முடியலை.

45 நாள்

ஜூலை 24 ராத்திரி ஃபாசிஸ்ட் பேரவை கூடி, முசோலினிக்கு எதிரா டீனோ கிராண்டி கொண்டு வந்த தீர்மானத்துக்கு 19 பேர் ஓட்டு போட்டாங்க, அதுல முசோலினியோட மருமகன் சியானோவும் ஒருத்தர். மறுநாள் ராஜா மூணாம் விட்டோரியோ இமானுவேல் முசோலினியை கூப்பிட்டு பதவி போச்சுன்னு சொல்லி, வாசல்லயே கைது பண்ண வச்சு ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டாரு. புதுப் பிரதமர் மார்ஷல் படோலியோ ரேடியோல வந்து சொன்ன முக்கியமான விஷயம், போர் தொடரும், கொடுத்த வாக்கை இத்தாலி காப்பாத்தும்.

யார் நம்பினா? ஹிட்லர் அன்னிக்கு ராத்திரியே தன் ஆளுங்ககிட்ட சொல்லிட்டாரு, அவங்க விசுவாசமா இருப்போம்னுதான் சொல்வாங்க, ஆனா இது துரோகம்தான்னு. அவர் கூட்டத்துல பேசுறதை சுருக்கெழுத்துல எழுதி வைக்கிற ஆளுங்க இருந்தாங்க, அதனால இது நமக்கு எழுத்துலயே கிடைக்குது. நாலு நாள் கழிச்சு ஜூலை 29ல சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக் தாண்டி போன்ல பேசிக்கிட்டதை ஜெர்மன்காரங்க ஒட்டுக்கேட்டாங்க. குரலைக் குழப்புற கருவி போட்ட லைன்தான், அதையும் உடைச்சு கேட்டுட்டாங்க. போர்நிறுத்தம்னு பேச்சு அடிபட்டது போதும் ஹிட்லருக்கு. தமாஷ் என்னன்னா அந்த நேரத்துல இத்தாலி இன்னும் யார்கிட்டயும் உருப்படியா பேசவே ஆரம்பிக்கலை.

ஜெர்மனி திட்டம் ரெடி. முதல்ல "அலாரிக்"னு பேரு, அப்புறம் "ஆக்ஸே". இத்தாலி விலகுச்சுன்னா அவங்க ராணுவத்தை நிராயுதபாணி ஆக்கணும், மலைப்பாதை, ரயில், துறைமுகம் எல்லாத்தையும் பிடிக்கணும், பால்கன்லயும் பிரான்ஸ்லயும் இத்தாலியர் கைல இருக்கிற இடத்தை எடுத்துக்கணும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் பக்கத்துல எந்த இத்தாலிய முகாம் இருக்கு, யார் போய் பிடிக்கணும்னு வேலை பிரிச்சாச்சு. ஆகஸ்ட் பூரா பிரென்னர் கணவாய் வழியா ஜெர்மன் டிவிஷன்கள் உள்ள வந்துகிட்டே இருந்துச்சு, "உங்களைக் காப்பாத்தத்தான் வர்றோம்"னு சொல்லிக்கிட்டே. இத்தாலிக்காரங்க நாங்க கேக்கலையேன்னு முனகினாங்க. வேண்டாம்னு உறுதியா சொன்னா சந்தேகம் உறுதியாயிடும், சரின்னு விட்டா நாடே அவங்க கைக்குப் போயிடும். படோலியோ ரெண்டையும் செய்யலை, நாளைக் கடத்தினாரு.

ஆகஸ்ட் 6ல தார்விசியோலயும் 15ல போலோன்யாலயும் ரெண்டு தரப்பும் உக்காந்து பேசினாங்க. தார்விசியோல ஜெர்மன் வெளியுறவு மந்திரி ரிப்பன்ட்ராப் நேரடியாவே கேட்டாரு, எதிரிகூட பேசுறீங்களான்னு. இத்தாலிய வெளியுறவு மந்திரி குவாரிலியா இல்லைன்னாரு. கண்டிப்பா சொல்லணும்னா அன்னைய தேதிக்கு அது முழுப்பொய்யும் இல்ல, தூது விட்டுப் பார்த்திருந்தாங்க, பேச்சு தொடங்கலை. போலோன்யா கூட்டத்துக்கு ஜெர்மன் தளபதிங்க யோடலும் ரோமலும் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியோட ஆயுதப்படை) காவலோட வந்தாங்க, கூட்டாளி வீட்டுக்கு விருந்துக்கு வர்றவன் சொந்தமா துப்பாக்கிக்காரனையும் கூட்டிட்டு வந்த மாதிரி. அதே ஆகஸ்ட் 15ல இத்தாலிய ஜெனரல் காஸ்தெல்லானோ மாட்ரிட்ல பிரிட்டிஷ் தூதர் சாமுவேல் ஹோர் முன்னாடி உக்காந்து, நாங்க பக்கம் மாறத் தயார்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஒரே நாள், ரெண்டு ஊர், ஒரே அரசாங்கம்.

லிஸ்பன்ல பேரம், ஆலிவ் தோப்புல கையெழுத்து

காஸ்தெல்லானோ அம்ப்ரோசியோவோட நம்பிக்கைக்குரிய ஆளு. ஒரு தூதரகக் குழுவோட சேர்ந்து ரயில்ல போனாரு, ரேடியோ கிடையாது, கோட் கிடையாது, வந்துட்டேன்னு ரோமுக்கு சொல்லக்கூட வழி இல்ல. ஆகஸ்ட் 19ல லிஸ்பன்ல நேச நாட்டுப் படைத்தளபதி ஐசன்ஹோவரோட தலைமை அதிகாரி பெடல் ஸ்மித்தையும் உளவுத்துறை அதிகாரி ஸ்ட்ராங்கையும் சந்திச்சாரு. இவர் போனது கூட்டணி பேச, எங்கே இறங்குறீங்க, எப்படி சேர்ந்து ஜெர்மன்காரனை அடிக்கலாம்னு. அவங்க வந்தது சரணடைவு விதியைப் படிச்சுக் காட்ட. ஜனவரில காசாபிளாங்காலயே ரூஸ்வெல்ட் நிபந்தனையில்லா சரணடைவுதான்னு உலகத்துக்கே அறிவிச்சாச்சு, அதுக்கு மேல யாரும் இறங்கி வர முடியாது. கியூபெக்ல கூடின தலைவர்கள் ஒரே ஒரு சலுகை வச்சாங்க, ஜெர்மனிக்கு எதிரா நீங்க எவ்வளவு உதவி பண்றீங்களோ அந்த அளவுக்கு விதிகளைத் தளர்த்துவோம்னு. முதல்ல செஞ்சு காட்டு, பிறகு நம்புறோம்ங்கிற கணக்கு.

ரோம்ல காஸ்தெல்லானோகிட்ட இருந்து ஒரு தகவலும் வராததால இன்னொரு ஜெனரல், சானுஸி, தனியா கிளம்பி லிஸ்பனுக்கே வந்தாரு. தன்னை நம்பணும்னு கூட ஒரு பிரிட்டிஷ் ஜெனரலையே கூட்டிட்டு வந்தாரு, இத்தாலில கைதியா இருந்த கார்டன் டி வியார்ட், ஒரு கண்ணும் ஒரு கையும் போரிலேயே போன மனுஷன். நேச நாட்டுக்காரங்களுக்கு இது இன்னும் குழப்பம். ஒரு நாடு ரெண்டு தூதரை அனுப்புது, ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தருக்கு சரியாத் தெரியலை, இதுல எவன் நிஜம், எவன் ஜெர்மன் ஒற்றன்? அவங்க சந்தேகத்தையும் குறை சொல்ல முடியாது.

ஆனா அவங்களும் சுத்தமா விளையாடலை. சரணடைவு விதியில ரெண்டு பதிப்பு இருந்துச்சு. 12 பிரிவு இருக்கிற குட்டி விதி, ராணுவ விஷயம் மட்டும். இன்னொண்ணு 44 பிரிவு, அரசியல், பொருளாதாரம், நிர்வாகம் எல்லாத்தையும் பிடுங்கிக்கிற நீள விதி, அதுலதான் நிபந்தனையில்லா சரணடைவுங்கிற வார்த்தையே வருது. நீள விதியைக் காட்டினா ஓடிடுவாங்கன்னு ஐசன்ஹோவர் தரப்புக்கு பயம். சானுஸி கைல அது லிஸ்பன்ல கிடைச்சிருச்சு, ஆனா ரோமுக்குப் போகாமப் பார்த்துக்கிட்டாங்க. காஸ்தெல்லானோவுக்கு அது கைக்கு வந்தது குட்டி விதில கையெழுத்து போட்ட பிறகுதான். படோலியோ அதுல கையெழுத்து போட்டது செப்டம்பர் 29, மால்டால நெல்சன் போர்க்கப்பல்ல, அப்ப அவருக்கு வேற போக்கிடம் இல்ல.

ஆகஸ்ட் 31ல சிசிலில கசிபிலே பக்கத்துல ஆலிவ் தோப்பு முகாம்ல திரும்ப சந்திப்பு. ரோமுக்கு வடக்கே 15 டிவிஷன் இறக்குங்க, அப்பதான் நாங்க அறிவிக்க முடியும்னு காஸ்தெல்லானோ கேட்டாரு. பெடல் ஸ்மித் சொன்ன பதிலோட சாரம், 15 டிவிஷன் இறக்க வழி இருந்தா உங்ககூட உக்காந்து பேசிக்கிட்டே இருக்க மாட்டோம். இந்த ஒரு இடத்துல ரெண்டு பக்கமும் மறைச்சது வெளிய வந்துருக்கணும், வரலை. உண்மைல நேச நாட்டுக்காரங்க இறக்கப் போறது ரொம்பக் கம்மி, அதுவும் ரோமுக்கு வெகு தெற்கே சாலெர்னோல. அதைச் சொன்னா இத்தாலிக்காரன் பயந்து பின்வாங்குவான், இல்ல ஜெர்மன்காரன்கிட்ட போட்டுக் கொடுப்பான். அதனால தேதியும் சொல்லலை, இடமும் சொல்லலை, எண்ணிக்கையும் சொல்லலை. காஸ்தெல்லானோ அவங்க பேச்சை வச்சு தானா ஒரு கணக்கு போட்டு, செப்டம்பர் 12ஆ இருக்கும்னு ரோமுக்கு சொல்லிட்டாரு. ரோம்ல இருந்தவங்க அதை உறுதியான தேதியாவே எடுத்துக்கிட்டு சாவகாசமா இருந்தாங்க.

செப்டம்பர் 2ல அவர் திரும்ப வந்தப்போ கையெழுத்து போட எழுத்துப்பூர்வ அதிகாரமே கொண்டு வரலை. பிரிட்டிஷ் ஜெனரல் அலெக்ஸாண்டர் முழு சீருடைல வந்து கோபப்பட்டு ஒரு நாடகமே போட்டாரு. ரோமுக்கு ரேடியோல கேட்டு, அனுமதி வந்து, செப்டம்பர் 3 சாயங்காலம் கையெழுத்து ஆச்சு. அந்த ரேடியோவை ரோம்ல இயக்கினது யாருன்னா, கோமோ ஏரில பிடிபட்டு சிறைல இருந்த டிக் மல்லபின்னு ஒரு பிரிட்டிஷ் உளவாளி. எதிரி நாட்டு ஒற்றனை சிறைல இருந்து கூப்பிட்டு, நம்ம சரணடைவுக்கு நீயே தந்தி அடின்னு உக்கார வச்சாங்க. அதே செப்டம்பர் 3ல, அதே படோலியோ ஜெர்மன் தூதர் ரான்கிட்ட கடைசி வரைக்கும் உங்ககூடத்தான்னு உறுதி கொடுத்தாரு.

ரோம் விமானத்தளம்

இந்த வழக்குல முக்கியமான ராத்திரி கையெழுத்து போட்ட ராத்திரி கிடையாது, செப்டம்பர் 7தான். ஒப்பந்தப்படி போர்நிறுத்த அறிவிப்பு வர்ற அன்னிக்கு அமெரிக்க 82ஆவது பாராசூட் டிவிஷன் ரோம் பக்கத்து விமானத்தளங்கள்ல இறங்கணும், இத்தாலியப் படை தளத்தைப் பாதுகாத்து, விளக்கு போட்டு, லாரி கொடுக்கணும். 82ஐச் சேர்ந்தவங்களுக்கே இதுல நம்பிக்கை இல்ல. சரி, போய் பார்த்துட்டு வாங்கன்னு ஜெனரல் மேக்ஸ்வெல் டெய்லரையும் கர்னல் கார்டினரையும் ரகசியமா அனுப்பினாங்க. இத்தாலியக் கப்பல்ல கயேத்தா வந்து, பிடிபட்ட விமானிங்க மாதிரி நடிச்சு, ஆம்புலன்ஸ்ல ரோமுக்குள்ள போனாங்க. (இந்தக் கதைல ஆம்புலன்ஸுக்கு நோயாளியைத் தவிர எல்லா வேலையும் இருக்கு.)

அங்க போனா அவசரமே யாருக்கும் இல்ல. நல்ல சாப்பாடு பரிமாறுறாங்க. தலைமைத் தளபதி அம்ப்ரோசியோ டூரின் போயிருக்காரு. டெய்லர் பிடிவாதம் பிடிச்ச பிறகு ரோம் பாதுகாப்புப் பொறுப்புல இருந்த கார்போனி வந்தாரு. ஜெர்மன்காரங்க பெட்ரோலையும் குண்டையும் நிறுத்திட்டாங்க, எங்களால சில மணி நேரம்தான் தாக்குப்பிடிக்க முடியும், நீங்க வந்தா செத்துடுவீங்கன்னாரு. நாளைக்கே அறிவிப்புன்னு டெய்லர் சொன்னதும் முகம் வெளுத்துப்போச்சு. நடுராத்திரில படோலியோ வீட்டுக்குப் போய் எழுப்பினாங்க. கிழவர் கார்போனி சொன்னதையே திருப்பிச் சொல்லி, அறிவிப்பைத் தள்ளிவைங்கன்னு ஐசன்ஹோவருக்கு செய்தி எழுதிக் கொடுத்தாரு.

கையெழுத்து போட்டு அஞ்சாவது நாள் இது. அஞ்சு நாளா இவங்க என்ன செஞ்சாங்க? ராணுவத் தளபதி ரோவாத்தா "44"னு எண் போட்ட ஒரு குறிப்பு தயார் பண்ணி, படைத்தளபதிங்க படிச்சுட்டு எரிச்சுடணும்னு சொல்லி சுத்துக்கு விட்டாரு. ஜெர்மன்காரன் அடிச்சா என்ன செய்யணும்னு அதுல இருந்துச்சு, ஆனா தனி உத்தரவு வந்தாத்தான் செயல்படுத்தணும். அந்த உத்தரவு வரவே இல்ல. ஜெர்மனியோட திட்டம் சார்ஜெண்ட் வரைக்கும் இறங்கியிருந்துச்சு, இத்தாலியோட திட்டம் ஜெனரலோட மேசை அடுப்புல சாம்பலாப் போச்சு. ரகசியம் கசிஞ்சுடும்ங்கிற பயம் நியாயம்தான், ஆனா ரகசியத்தைக் காப்பாத்தி எதைக் காப்பாத்தினாங்கன்னு கேட்டா அவங்ககிட்ட பதில் இருந்திருக்காது.

ஐசன்ஹோவர் படோலியோ செய்தியைப் பார்த்து கொதிச்சுப் போனாரு. தள்ளிவைக்க முடியாது, படை கடல்ல கிளம்பியாச்சு. நான் திட்டமிட்டபடி அறிவிப்பேன், நீங்க ஏமாத்தினா நடந்த மொத்தத்தையும் உலகத்துக்கு வெளியிடுவேன்னு பதில் அனுப்பினாரு. 82ஓட பயணம் மட்டும் ரத்து, அதுவும் சில விமானம் வானத்துல ஏறின பிறகு.

செப்டம்பர் 8

அன்னிக்கு பகல்ல ராஜாவே தூதர் ரானைச் சந்திச்சு கடைசி வரை போராடுவோம்னாரு. மத்தியானம் அமெரிக்க விமானங்கள் ரோம் பக்கத்துல ஃப்ராஸ்காட்டில ஜெர்மன் தளபதி கெஸல்ரிங்கோட தலைமையகத்தை அடிச்சுது, அவர் தப்பிச்சாரு, ஊர் ஜனங்க நிறைய பேர் செத்தாங்க. சாயங்காலம் 6.30க்கு ஐசன்ஹோவர் அல்ஜியர்ஸ் ரேடியோல அறிவிச்சுட்டாரு. அந்த நேரத்துல ரோவாத்தா ஜெர்மன் அதிகாரிங்ககூட உக்காந்து கூட்டுப் பாதுகாப்பு பத்திப் பேசிக்கிட்டு இருந்தாரு, செய்தி வந்ததும் அது பிரிட்டிஷ் பொய்னு அடிச்சுச் சொன்னாரு. அவர் நடிச்சாரா, நிஜமாவே அன்னிக்குன்னு தெரியாமத்தான் இருந்தாரான்னு படிக்கிறப்போ எனக்கு ரெண்டும் சரியாத்தான் தோணுது.

அரண்மனைல அவசரக் கூட்டம். படோலியோவைக் கழட்டிவிட்டு, அப்படி ஒண்ணும் கையெழுத்தே போடலைன்னு மறுத்துடலாம்னு கூட பேச்சு வந்துச்சு. காஸ்தெல்லானோகூட போயிட்டு வந்த மேஜர் மார்கேஸி எழுந்து, கையெழுத்து போட்டதை அவங்க படம் எடுத்து வச்சிருக்காங்கன்னு சொன்ன பிறகுதான் வேற வழி இல்லைன்னு ராஜா முடிவெடுத்தாரு. 7.45 வாக்குல படோலியோ ரேடியோல படிச்சாரு. ஆங்கிலோ-அமெரிக்கப் படைகள் மேல தாக்குதலை நிறுத்துங்க, வேற எந்தப் பக்கத்துல இருந்து தாக்குதல் வந்தாலும் எதிர்த்து நில்லுங்க. ஜெர்மனிங்கிற பேரே அதுல இல்ல. இந்த ஒரு வாக்கியத்தை வச்சுக்கிட்டு பிரான்ஸ்ல இருந்து ரோட்ஸ் தீவு வரைக்கும் சிதறிக் கிடந்த படை என்ன முடிவெடுக்கும்? அதே நேரம் ஜெர்மன் யூனிட்டுக்கெல்லாம் ஒரே சொல் போச்சு: ஆக்ஸே.

விடியக்காலை ராஜா, படோலியோ, பெரிய ஜெனரல்கள் எல்லாம் கார்ல கிளம்பி அட்ரியாடிக் கரைக்குப் போய், பையோனெட்டாங்கிற சின்னக் கப்பல்ல ஏறி பிரிண்டிசி போயிட்டாங்க. ரோமை யார் காக்கணும்னு தெளிவா ஒரு உத்தரவும் விட்டுட்டுப் போகலை. ரோம் சுத்தி ஆள் எண்ணிக்கைல இத்தாலியர்தான் அதிகம், ஜெர்மனிக்கு பக்கத்துல இருந்தது ரெண்டே டிவிஷன். போர்த்தா சான் பாவ்லோல சிப்பாய்களும் ஊர் ஜனங்களும் சேர்ந்து சண்டை போட்டாங்க, செப்டம்பர் 10ல நகரம் விழுந்துச்சு. 82 இறங்கியிருந்தா ரோம் நின்னிருக்குமாங்கிற பஞ்சாயத்து இன்னிக்கும் ஓடுது. லாரியும் பெட்ரோலும் இல்லாத ஒரு பாராசூட் டிவிஷன், அதுக்குத் துணை சண்டை வேண்டாம்னு நினைக்கிற கார்போனி, உதவிக்கு வர வேண்டிய படை 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி சாலெர்னோல. டெய்லர் ரத்து பண்ணச் சொன்னது சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

கணக்கு யார் தலைல

சாலெர்னோவுக்குப் போற கப்பல்கள்ல இருந்த பசங்க ரேடியோவைக் கேட்டு கொண்டாடினாங்க, கரைல இத்தாலியன் பூங்கொத்து கொடுப்பான்னு. கரைல நின்னது ஜெர்மன் 16ஆவது பான்சர் டிவிஷன். அங்க முன்னாடி காவல் இருந்த இத்தாலிய டிவிஷனோட தளபதி ஃபெரான்டே கொன்சாகா ஆயுதத்தை ஒப்படைக்க மாட்டேன்னு நின்னதால ஏற்கனவே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தாரு.

லா ஸ்பெசியால இருந்து கிளம்பின கடற்படைல கொடிக்கப்பல் ரோமாவை செப்டம்பர் 9ல ஜெர்மன் விமானம் ரேடியோல இயக்குற குண்டு போட்டு மூழ்கடிச்சுது, அட்மிரல் பெர்காமினியோட 1,300 பேருக்கு மேல போனாங்க. கெஃபலோனியா தீவுல ஆக்வி டிவிஷன் ஆயுதத்தைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு சிப்பாய்கள்கிட்டயே கருத்து கேட்டு, வேண்டாம்னு முடிவாகி, ஒரு வாரம் சண்டை போட்டுச்சு. வெளிய இருந்து உதவி வரலை. சரணடைஞ்ச பிறகு டிவிஷன் தளபதி ஜெனரல் காந்தின்லேர்ந்து ஆயிரக்கணக்குல ஆளுங்களைச் சுட்டுத் தள்ளினாங்க. பிடிபட்ட சுமார் 6 லட்சம் இத்தாலிய வீரர்களை ஜெர்மனி போர்க்கைதின்னே ஒத்துக்கலை, "ராணுவக் காவல்ல இருக்கிறவங்க"ன்னு ஒரு பேரு வச்சு, செஞ்சிலுவைச் சங்கத்தோட உதவி எட்டாம கட்டாய வேலைக்கு அனுப்பிச்சு.

நேச நாட்டுக் கைதிகள் கதையும் இருக்கு. இத்தாலி முகாம்கள்ல சுமார் 80,000 பேர், இந்தியச் சிப்பாய்களும் அதுல உண்டு. நம்ம படை சீக்கிரம் வந்துடும், இருந்த இடத்துலயே இருங்கன்னு லண்டன்ல இருந்து ரகசிய உத்தரவு. பல முகாம்ல காவல்காரன் கதவைத் திறந்துவிட்டுப் போயிட்டான், உத்தரவை மதிச்சு உக்காந்திருந்தவங்களை ஜெர்மன்காரன் வந்து ரயில்ல ஏத்திட்டான்.

மூணாவது பங்காளியோட கோபம்

இதெல்லாம் நடக்கும்போது சோவியத் யூனியன் எங்க இருந்துச்சு? ஸ்டாலின் 1943 ஆகஸ்ட் 22ல ரூஸ்வெல்ட்டுக்கும் சர்ச்சிலுக்கும் காட்டமா எழுதினாரு, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு எனக்கு தகவல் மட்டும் அனுப்புறீங்க, வேடிக்கை பார்க்கிற மூணாவது ஆளா என்னை வச்சிருக்கீங்க, இனி பொறுக்க முடியாதுன்னு. டான் கரைல இத்தாலியப் படையை அடிச்சு நொறுக்கினது அவர் படை, அதனால கோபத்துல நியாயம் இருந்துச்சு. இத்தாலி நிர்வாகத்துல சோவியத்துக்கு ஆலோசனைக் குழுல ஒரு நாற்காலி கொடுத்தாங்க, அதிகாரம் கொடுக்கலை. ஸ்டாலின் இதை மனசுல குறிச்சு வச்சுக்கிட்டாரு. 1944 மார்ச்ல யாரையும் கேக்காம படோலியோ அரசை நேரடியா அங்கீகரிச்சாரு. செப்டம்பர்ல ருமேனியா சரணடைஞ்சப்போ கட்டுப்பாட்டுக் குழு முழுக்க சோவியத் கைல, மத்தவங்களுக்கு நாற்காலி மட்டும். மேற்கத்திக்காரங்க முணுமுணுத்தா, இத்தாலில நீங்க காட்டின வழிதானேன்னு பதில் ரெடி.

1945 மார்ச்ல இன்னும் மோசமாச்சு. இத்தாலில இருந்த எஸ்.எஸ். ஜெனரல் வொல்ஃப் சுவிட்சர்லாந்துல அமெரிக்க உளவு அதிகாரி ஆலன் டல்லஸைச் சந்திச்சு, ஜெர்மன் படையை சரணடைய வைக்கிறதைப் பத்திப் பேசினாரு. நாங்களும் வர்றோம்னு சோவியத் வெளியுறவு மந்திரி மொலோடோவ் கேட்டதுக்கு இது வெறும் முதல்கட்டப் பேச்சுன்னு மறுத்துட்டாங்க. ஸ்டாலினுக்கு அது அப்பட்டமா தனி ஒப்பந்தமா தெரிஞ்சுது. ஏப்ரல் 3ல அவர் எழுதின லெட்டருக்கு ரூஸ்வெல்ட் கொடுத்த பதில் அந்தக் கூட்டணில எழுதப்பட்ட கடுமையான லெட்டர்ல ஒண்ணு. ஒரு வாரத்துல, ஏப்ரல் 12ல ரூஸ்வெல்ட் இறந்துட்டாரு. இத்தாலில ஜெர்மன் படை கஸெர்த்தால ஏப்ரல் 29ல கையெழுத்து போட்டு மே 2ல சரணடைஞ்சுது. 1943ல இத்தாலிகிட்ட வாங்கின சரணடைவும் 1945ல ஜெர்மனிகிட்ட இத்தாலில வாங்கின சரணடைவும், ரெண்டுமே ஸ்டாலினை ஓரமா நிக்க வச்சு வாங்கினது.

1947 பிப்ரவரி 10ல பாரிஸ் அமைதி ஒப்பந்தம். கூடச் சேர்ந்து போரிட்டதுக்கு கொஞ்சம் மரியாதை முன்னுரைல கிடைச்சுது, மத்தபடி இத்தாலி தோத்த நாடுதான். காலனிகள் போச்சு, டோடெகனீஸ் தீவுகள் கிரீஸுக்கு, சோவியத்துக்கு 10 கோடி டாலர் இழப்பீடு, கடற்படையும் பங்கு பிரிச்சாச்சு. ரெண்டு வருஷத்துல, 1949 ஏப்ரல்ல, அதே இத்தாலி நேட்டோல ஸ்தாபக உறுப்பினர்.

பங்கு பிரிச்சதுல ஜூலியோ சேசாரேங்கிற போர்க்கப்பல் சோவியத்துக்குப் போச்சு. 1943 செப்டம்பர்ல ஜெர்மன்காரன் கைல சிக்காம மால்டா போய்ச் சேர்ந்த கப்பல்கள்ல அதுவும் ஒண்ணு. நோவொரோசிஸ்க்னு பேரு மாத்தி கருங்கடல்ல ஓட்டினாங்க. 1955 அக்டோபர் 29 ராத்திரி செவஸ்தபோல் துறைமுகத்துல அடியில ஏதோ வெடிச்சு கவுந்து 600 பேருக்கு மேல செத்தாங்க. கடலடில கிடந்த பழைய ஜெர்மன் கண்ணிவெடின்னு விசாரணைல சொன்னாங்க. இத்தாலிய முக்குளிப்புக்காரங்க வந்து பழி தீர்த்துட்டாங்கன்னு நம்புறவங்க ரஷ்யால இன்னும் இருக்காங்க.